அம்பாசிடருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன்: பாயிண்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவின் பெர்ட்ரானிக்ஸ் நிறுவனம் இக்னைட்டர் என்ற பெயரில் விற்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் (பிளக்குக்குத் தீப்பொறி தரும் அமைப்பு) கிட்டை, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் கொண்ட மார்க் 2 அம்பாசிடரில் பொருத்தி ஓட்டிப் பார்த்து, அதே காரில் அதற்கு முன்பிருந்த பாயிண்ட் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் தொடுமுனை), கண்டென்சர் (அதற்குத் துணையான மின்தேக்கி) அமைப்போடு ஒப்பிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கிட் நல்ல பொருள்தான். ஆனால் அது மாற்றுவது, சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டே இரண்டு உறுப்புகளை. நம்மில் பலர் பாயிண்டின் மேல் சுமத்தும் குற்றங்களில் பெரும்பகுதி மற்ற உறுப்புகளுடையது. ஆகவே பழைய அமைப்பை முறையாகச் சீர்செய்த பிறகுதான் இந்தக் கிட்டை வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கே பொருள் உண்டு என்பது என் கருத்து.

அம்பாசிடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பி சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. எம்.ஜி.பி. போன்ற பிரிட்டிஷ் கார்களில் இருப்பதும் அதே குடும்பம் என்பதால், அந்நாட்டுக் கார்களுக்கென்று தயாராகும் இக்னிஷன் பொருள்கள் பலவும் நம் காருக்கும் பொருந்திவிடுகின்றன. இதில் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் லூகாஸ் 25டி4 வகை. இந்தியாவில் இவ்வகைப் பாகங்களைச் செய்தது சென்னைப் பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை, அந்த வட்டாரத்தில் பேருந்து ஏறுபவர்களுக்கு லூகாஸ் என்பது நிறுத்தத்தின் பெயராகவே பழகிப்போயிருக்கும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910களை ஒட்டி கேடில்லாக் கார்களுக்காக வகுத்த முறைதான் இதன் அடிப்படை. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் நான்கு மூலைக் கேம் சுழலும்போது பாயிண்டின் குதியைத் தள்ளித் திறக்கிறது. காயில் என்ற மின்சுருளின் முதன்மைச் சுற்றில் ஓடிக்கொண்டிருந்த சுமார் 4 ஆம்பியர் மின்னோட்டம் அக்கணமே அறுபடுகிறது. அதனால் இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து, சுழலும் ரோட்டார், அதை மூடியிருக்கும் கேப், ஹெச்.டி. எனும் உயர் மின்னழுத்த வயர் வழியாகப் பிளக்கை அடைகிறது. பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில் தீப்பொறி அங்கேயே பாய்ந்து வீணாகாமல் தடுப்பதும், காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரியும்படி செய்வதும் கண்டென்சரின் வேலை.

பாயிண்டின் குறை என்னவென்றால், அது தேய்ந்துகொண்டே இருக்கும். கேமில் உரசும் ஃபைபர் குதி தேயத் தேய, 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டிய இடைவெளி சுருங்குகிறது. இடைவெளி சுருங்கினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கிறது. ஆகவே டைமிங்கும் (பொறி விழும் நேரம்) தானாகவே பின்வாங்குகிறது. இது ஒரே நாளில் நடப்பதில்லை. வண்டியின் பிக்கப் சிறிது சிறிதாக மந்தமாகும்; ஐட்லிங்கில் லேசாக உதறும்; எஞ்சின் வழக்கத்தைவிடச் சற்றுச் சூடாக ஓடும். ஓட்டுநரும் அதற்கேற்பப் பழகிக்கொள்வதால், ஒரு மெக்கானிக் ஃபீலர் கேஜ் என்ற அளவுத்தகட்டை வைத்து இடைவெளியைச் சரிசெய்து கொடுக்கும் நாளில்தான் கார் எவ்வளவு இளைத்திருந்தது என்பது தெரியவரும். குதியின் அடியில் சிறிதளவு கிரீஸ் வைத்தால் தேய்மானம் வெகுவாகக் குறையும். பல பட்டறைகளில் இதைச் செய்வதில்லை. அதிகமாக வைத்துவிட்டால் அது தெறித்துப் பாயிண்ட் முகத்தில் படிந்து வேறு தொல்லை தரும்.

கண்டென்சர் கெடும் விதம் இன்னும் சூட்சுமமானது. குளிர்ந்த நிலையில் ஒழுங்காக வேலை செய்யும் கண்டென்சர், எஞ்சின் அறை நன்றாகச் சூடேறியதும் கைவிடுவது உண்டு. சித்திரை வெயிலில் அரை மணி நேரம் ஓடிய கார் சிக்னலில் அணைந்துவிடும். செல்ஃப் அடித்தால் சுற்றும், பிடிக்காது. சிறிது நேரம் ஆறிய பின் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிவிடும். இதைப் பெரும்பாலோர் வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைப்பது) என்று முடிவுகட்டி, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போடுகிறார்கள். இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால்மீதும் பழி விழுகிறது. அணைந்த நிலையிலேயே ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின்மீது படவைத்துச் செல்ஃப் அடித்துப் பார்த்தால் போதும். நீலமான, அழுத்தமான பொறி வந்தால் குற்றம் பெட்ரோல் பக்கம். மஞ்சளாக, நூல்போல் மெலிந்த பொறி வந்தாலோ, வராமலே போனாலோ, இக்னிஷன் பக்கம். அந்தச் சமயத்தில் அருகே சிந்திய பெட்ரோல் எதுவும் இருக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெப்பத்தில் கைவிடும் கண்டென்சரைக் கொண்ட காருக்கு எலக்ட்ரானிக் கிட் போட்டவுடன் நோய் தீர்ந்துவிடுகிறது. உரிமையாளரும் கிட்டைப் புகழ்கிறார். உண்மையில் ஒரு நல்ல கண்டென்சரும் அதே பலனைத் தந்திருக்கும்.

ஆனால் கிட் எதையெல்லாம் தொடுவதே இல்லை என்பதுதான் இம்மதிப்புரையில் முக்கியம். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு சுழலும் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து தண்டு ஆடினால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி வெவ்வேறு கோணத்தில் விழும். பாயிண்ட் இருந்தால் இந்த ஆட்டம் இடைவெளியையே மாற்றிவிடும். கிட்டின் எலக்ட்ரானிக் மாட்யூல் அவ்வளவு பாதிக்கப்படாது என்பது உண்மை, ஆயினும் டைமிங் சிதறல் ஓரளவு எஞ்சியே தீரும். எஞ்சின் வேகம் கூடக்கூட டைமிங்கை முன்னே தள்ளும் எடைகளும் அவற்றின் ஸ்பிரிங்குகளும் துருப்பிடித்து இறுகியிருந்தாலோ, தொய்ந்திருந்தாலோ, எந்த மாட்யூலாலும் அதைத் திருத்த முடியாது. எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னே தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருந்தாலும் அப்படியே. கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாயை வாயால் உறிஞ்சி, உள்ளே பாயிண்டைத் தாங்கும் பேஸ் பிளேட் நகர்கிறதா என்று பார்ப்பது காசு செலவில்லாத சோதனை. நம் ஊரில் ஓடும் பழைய அம்பாசிடர்களில் கணிசமானவை இச்சோதனையில் தேறமாட்டா என்பது என் அனுமானம். ரோட்டாரில் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் வழியாக ஹெச்.டி. மின்சாரம் தண்டுக்கு இறங்கிவிடுவது இன்றைய மலிவு ரோட்டார்களின் நோய். இதற்கு அஞ்சித்தான் இங்கிலாந்தில் ரிவெட் இல்லாத சிவப்பு நிற ரோட்டார்களைத் தேடி வாங்குகிறார்கள். காயில் வலுவாக ஆக, இந்தக் குறை கூடுமே தவிரக் குறையாது.

அதனால் ஒப்பிடுவதற்கு முன் பழைய அமைப்பை அதன் முழு நலத்துக்குக் கொண்டுவந்தேன்: புது புஷ், எண்ணெயிட்ட எடைகள், இயங்கும் டயாஃப்ரம், நல்ல கேப், நல்ல ரோட்டார், தரமான பாயிண்ட், கண்டென்சர், 0.025 அங்குல இடைவெளி வைத்த புதுப் பிளக்குகள், பொறியோடு சேர்ந்து மின்னும் ஸ்ட்ரோப் விளக்கால் பார்த்து வைத்த டைமிங். கேம் சுழற்சியில் பாயிண்ட் மூடியிருக்கும் அளவான டுவெல் கோணம் 60 டிகிரியை ஒட்டி நின்றது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் இவற்றில் பலவற்றைத் தேடி எடுக்கலாம்; புதுப்பேட்டையில் பழைய டிஸ்ட்ரிபியூட்டர்களே கிடைக்கும், தண்டை ஆட்டிப் பார்த்து வாங்க வேண்டும். பெட்டியின் மேலுள்ள பெயரை நம்பிப் பாயிண்ட் வாங்குவது இன்று ஆபத்தானது. குதி பாயிண்டின் நகரும் கையோடு நன்றாக ஒட்டப்பட்டிருக்கிறதா, இரண்டு முகங்களும் நேருக்கு நேர் பொருந்துகின்றனவா என்பதைக் கடையிலேயே பாருங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு கார் ஓடிய விதம் அவ்வளவு இனிமையாக இருந்ததால், அத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

இனி கிட். பெட்டிக்குள் இருப்பவை மூன்று: பாயிண்ட் இருந்த இடத்தில் பொருந்தும் சிறிய கருப்பு மாட்யூல், கேமின் மேல் அழுத்திச் செருகும் காந்த வளையம், காயிலுக்குச் செல்லும் சிவப்பு, கருப்பு வயர்கள். வளையத்திலுள்ள காந்தங்கள் மாட்யூலைக் கடக்கும்போது ஹால் சென்சார் என்ற காந்த உணரி அதை உணர்ந்து காயில் மின்னோட்டத்தை அறுக்கிறது. உரசும் உறுப்பு எதுவும் இல்லை, கண்டென்சர் தேவையில்லை. பழைய பாயிண்டையும் கண்டென்சரையும் கழற்றி, இதைப் பொருத்துவதற்குக் கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு மணி நேரம் தாராளம். சிவப்பு வயரைக் காயிலின் பாசிட்டிவிலும் கருப்பை நெகட்டிவிலும் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் மாட்யூல் போய்விடும்.

பொருத்துவதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்; கிட்டோடு வரும் தாள் இவற்றை அவ்வளவாக வற்புறுத்துவதில்லை. 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரில் நகரும் பேஸ் பிளேட்டை உடலோடு எர்த் செய்ய, துணி சுற்றிய மெல்லிய வயர் ஒன்று உள்ளே இருக்கும். ஐம்பது ஆண்டுகள் முன்னும் பின்னும் அசைந்த வயர், வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே இழைகள் அறுந்திருக்கக்கூடும். பாயிண்ட் இந்தக் குறையோடும் ஒருவாறு ஓடிவிடும். மாட்யூல் ஓடாது, அல்லது விட்டுவிட்டு ஓடி நம்மைப் பைத்தியமாக்கும். அந்த வயரைப் புதிதாகவே மாற்றிவிடுவது நல்லது. அடுத்து, காந்த வளையம் ரோட்டாரைச் சற்று உயர்த்திவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். உயர்த்தினால் கேப்பின் நடுவிலுள்ள கார்பன் முனை நசுங்கும். மூன்றாவது ஹெச்.டி. வயர். அம்பாசிடரில் வழக்கமாக இருக்கும் செப்புக் கம்பி வயர்களோடு ரெசிஸ்டர் இல்லாத பிளக்குகளும் சேர்ந்தால் எழும் ரேடியோ இரைச்சல் மாட்யூலைக் குழப்பும். கார்பன் வகை வயருக்கு மாறியாக வேண்டும். கிட்டின் விலையோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

காயிலை மல்டிமீட்டரில் அளப்பதும் அவசியம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இந்த முதல் தலைமுறை இக்னைட்டருக்குக் காயிலின் முதன்மைச் சுற்று 3 ஓம் இருக்க வேண்டும். பல அம்பாசிடர்களில் ஏற்கெனவே இருக்கும் சாதாரணக் காயில் இதற்குப் பொருந்தும். கிட் விற்பவர்கள் கூடவே விற்க முனையும் 40,000 வோல்ட் காயில் கட்டாயமில்லை. பொருத்தி முடித்ததும் டைமிங்கை மறுபடி ஸ்ட்ரோப் விளக்கால் வைத்தே தீர வேண்டும். பாயிண்ட் திறக்கும் கோணமும் காந்தம் உணரப்படும் கோணமும் ஒன்றாக இருப்பதில்லை. இதைச் செய்யாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, கிட் போட்டபின் வண்டி பறக்கிறது என்பவர்களும், நாக்கிங் (எஞ்சின் தட்டும் ஓசை) வந்துவிட்டது என்பவர்களும் பேசுவது டைமிங் மாறியதைப் பற்றியே.

ஓட்டத்தில் என்ன மாற்றம்? காலையில் சோக் இழுத்துக் கிளப்பும்போது எஞ்சின் அரைச்சுற்று முன்னதாகவே பிடிப்பதாகத் தோன்றுகிறது. ஐட்லிங் இன்னும் சமமாக இருக்கிறது. கியர் கம்பியில் கை வைத்தாலே தெரியும். மூன்றாம் கியரில் மெதுவாக ஊர்ந்து மறுபடி ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது முன்பிருந்த சிறு தயக்கம் குறைந்திருக்கிறது. மற்றபடி நெடுஞ்சாலையில், நன்றாக டியூன் செய்த பாயிண்டுக்கும் இதற்கும் வேறுபாடு சொல் என்று கண்ணைக் கட்டிக் கேட்டால் என்னால் சொல்ல இயலாது. இதில் வியப்பேதும் இல்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 100 பொறிகள் வேண்டும். அதாவது ஒரு பொறிக்கு 10 மில்லிசெகண்ட். கேமின் 90 டிகிரியில் 60 டிகிரி பாயிண்ட் மூடியிருக்கிறது என்றால், காயில் நிரம்புவதற்கு ஆறரை மில்லிசெகண்டுக்கு மேல் கிடைக்கிறது; பழைய காயிலுக்கு அது போதுமான அவகாசம். எட்டுச் சிலிண்டர் எஞ்சின் 5000 சுற்றைத் தாண்டும்போதுதான் அந்த அவகாசம் உயிர்போகும் அளவுக்குச் சுருங்கும். கிறைஸ்லர் 1973ஆம் ஆண்டு மாடல்களிலேயே அமெரிக்கக் கார்கள் முழுவதையும் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றியதில், அத்தகைய எஞ்சின்களோடு புகைக்கட்டுப்பாட்டு விதிகளுக்கும் பங்கு உண்டு. நம் அம்பாசிடர் 4000 சுற்றைத் தொடுவதே அரிது. ஆகவே கூடுதல் சக்தி, கூடுதல் மைலேஜ் என்ற விளம்பரச் சொற்களை ஒதுக்கிவிடலாம். தேய்ந்த பாயிண்டோடு ஒப்பிட்டால் இரண்டுமே கூடும். அது புதுப் பாயிண்ட் போட்டாலும் கூடும். கிட் தருவது வேறொன்று: இன்று வைத்த டைமிங் அடுத்த ஆண்டும் அப்படியே நிற்கும். ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டராவது ஓட்டுகிறவருக்கு, அடிக்கடி கேப்பைத் திறக்க விரும்பாதவருக்கு, இது சிறிய வரமில்லை.

குறைகளைச் சொல்கிறேன். பாயிண்ட் கெடும்போது வாரக்கணக்கில் முனகிவிட்டுத்தான் கெடும். மாட்யூல் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லாமல் இறந்துவிடும். திண்டிவனத்துக்கு அப்பால் சாலையோரத்தில் நிற்கும் காரின் பாயிண்டை, எந்த ஊர் மெக்கானிக்கும் உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டை இடையில் வைத்துச் சரிசெய்து அனுப்பிவிடுவார். மாட்யூலுக்கு அவர் கைவிரித்துவிடுவார். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் நிலையில் விட்டுவைக்கக்கூடாது என்று தயாரிப்பாளரே இந்த வகை மாட்யூலுக்கு எச்சரிக்கிறார். ரேடியோ கேட்பதற்காகச் சாவியைத் திருப்பிவிட்டுக் காரில் உட்காரும் பழக்கம் உள்ளவர்கள் ரேடியோவின் மின் இணைப்பை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். டைனமோ பொருத்திய கார்களில் இரவில் ஹெட்லைட் போட்டு ஐட்லிங்கில் நின்றால் சார்ஜ் ஆகாது, வோல்டேஜ் இறங்கும். பேட்டரி சோர்ந்திருந்து தள்ளிக் கிளப்ப வேண்டிய நிலை வந்தால், பாயிண்ட் பொறி கொடுக்கும் அளவு குறைந்த வோல்டேஜில் மாட்யூல் விழிப்பதில்லை. பழைய இக்னிஷன் சுவிட்ச்சும் வயரும் தாமே ஒரு வோல்ட்டைத் தின்றுவிடும் கார்களில், காயிலுக்கு ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக நேரடி மின்சாரம் கொடுப்பது எந்த அமைப்புக்கும் நன்மை.

இணையச் சந்தைகளில் இக்கிட்டின் விலையில் கால்பங்குக்குக் கிடைக்கும் பெயரற்ற மாட்யூல்களைப் பற்றி ஒரு சொல். அவற்றில் ஒன்று தெரிந்தவரின் காரில் முதல் கோடையையே தாண்டவில்லை. அந்த விலைக்குத் தரமான பாயிண்டும் கண்டென்சரும் இரண்டு செட் வாங்கலாம், வாங்குங்கள்.

இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. பாயிண்டை அப்படியே வைத்துக்கொண்டு, வெளியே ஒரு டிரான்சிஸ்டர் பெட்டியை இணைத்தால், காயிலின் 4 ஆம்பியரைப் பெட்டி சுமக்கும். பாயிண்ட் மிகச் சிறிய மின்னோட்டத்தை மட்டும் திறந்து மூடும். முகம் கருகாது, குதி மட்டும் தேயும். பெட்டி பழுதானால் இரண்டு வயரை மாற்றிப் பழைய முறைக்கே திரும்பி வீடு சேரலாம். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தால் மிகக் குறைந்த செலவில் முடியும். கிட் வாங்க மனமில்லாதவருக்கு என் முதல் பரிந்துரை இதுவே.

மறுகோடியில் இருப்பது நெதர்லாந்தின் 123இக்னிஷன். டிஸ்ட்ரிபியூட்டரையே முழுதாக மாற்றுகிறார்கள். எடையும் ஸ்பிரிங்கும் இல்லை. வேகத்துக்கேற்ப டைமிங் எவ்வளவு முன்னே போக வேண்டும் என்று வகுக்கும் பதினாறு டைமிங் வளைவுகளில் ஒன்றைச் சுவிட்ச்சைத் திருப்பித் தேர்ந்துகொள்ளும் வகையும், கைப்பேசியிலிருந்து புளூடூத் மூலம் வளைவை நாமே வரையும் வகையும் உண்டு. இன்றைய பெட்ரோலின் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) அந்தக் காலத்துப் பெட்ரோலினுடையதைவிட உயர்ந்தது என்பதால், வளைவை மாற்றிக்கொள்ளும் இவ்வசதிக்கு உண்மையான பயன் இருக்கிறது. மேலே சொன்ன புஷ், எடை, டயாஃப்ரம் நோய்கள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தீர்ப்பது இது ஒன்றுதான். ஆனால் விலை இக்னைட்டரைப்போல் மூன்று நான்கு மடங்கு. சுங்க வரி வேறு. சீர்செய்ய முடியாத அளவு டிஸ்ட்ரிபியூட்டர் தேய்ந்த காருக்கு மட்டும் நியாயம். கண்காட்சிக்கு எடுத்துச் செல்லும் காராக இருந்தால் பானெட்டைத் திறந்தவுடன் நடுவர் கண்ணில் படும். இக்னைட்டரோ கேப்புக்குள் மறைந்துவிடுகிறது, வெளியே தெரிவது கூடுதலாக ஒரு வயர்தான்.

ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களை விண்டேஜ் என்று தனியே பதிவு செய்ய 2021இல் வந்த மத்திய விதி, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத அசல் தோற்றத்தை எதிர்பார்க்கிறது. இரண்டு ஸ்குருவைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் மாட்யூல் அதற்கு இடையூறாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கழற்றிய பாயிண்டையும் கண்டென்சரையும் தூக்கி எறிய வேண்டாம். ஒரு டப்பாவில் போட்டு டேஷ்போர்டு அறையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் காரில் இன்று மாட்யூலும் அந்த டப்பாவும் சேர்ந்தே பயணம் செய்கின்றன.

கிட்டின் விலையோடு கப்பல் கட்டணத்தையும் வரியையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கார்பன் வயர் தனி. ஆர்டர் கொடுப்பதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலில் பொறித்திருக்கும் வகை எண்ணைத் துடைத்துப் படித்துவிடுங்கள். நடுவில் யாராவது வேறு காரின் டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தியிருந்தால் கிட் உட்காராது. பழைய மாடல்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு எர்த் செய்யப்பட்டிருக்கலாம்; அவற்றுக்குத் தனிக் கிட் விற்கிறார்கள், நெகட்டிவ் எர்த் கிட்டைப் பொருத்தினால் சாவியைத் திருப்பிய கணத்திலேயே கருகும். பேட்டரிக்கு அருகே குனிந்து, எந்த முனையின் பட்டை பாடிக்குப் போகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.